பெற்றோர் கையொப்பம்

பாளையங்கோட்டை
20-9-1994

அன்புள்ள ஷரீபாவுக்கு,

உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். கேட்டுவிட்டேன். இனி என் எரிச்சலைக் கேள்.

பெற்றோர் விவாகரத்து செய்துகொண்ட குழந்தைகளுக்குப் பள்ளியில் எப்படித் துணை நிற்பது என்று ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பணியிடைப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். சுற்றறிக்கை வந்திருக்கிறது. எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் உளவியல் எடுப்பவள் நான் ஒருத்திதான், ஆகவே என் தலையில் விழுந்திருக்கிறது. கூடவே ஒரு கையேடும் வந்தது. எந்த நாட்டுப் புத்தகத்தை யார் மொழிபெயர்த்தார்களோ! 'குழந்தைக்கு இரு வீடுகளிலும் தனி அறை உண்டா என்று ஆசிரியர் விசாரிக்கலாம்' என்று ஒரு வரி. நாங்குநேரியிலும் அம்பாசமுத்திரத்திலும் பாடம் நடத்துகிறவர்களிடம் போய் இதை நான் வாசிக்க வேண்டும்.

எங்கள் முதல்வர் சொல்கிறார்: "நம்ம பக்கம் அதெல்லாம் ஏது மேடம்? சும்மா நடத்திட்டு அறிக்கைய அனுப்பிருங்க." நம் பக்கம் இல்லையாம். வாழாவெட்டி என்றும், பிறந்த வீட்டோடு வந்துவிட்டாள் என்றும் நூறு பெயர் வைத்திருக்கிறோம், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் பிள்ளைகளே இல்லை போலிருக்கிறது.

பி.எட். விடுதியில் ஒரே அறையில் இருந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. உன்னைப் போல் வகுப்பறையை விட்டு நகராமல் இருக்கிறவள் நமக்குள் வேறு யாருமில்லை. உன் வகுப்பில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுது. கையேட்டில் இல்லாதது எனக்கு வேண்டும்.

ராஜராஜேஸ்வரி


பத்தமடை
3-10-1994

அன்புள்ள ராஜிக்கு,

கேட்டுவிட்டாய். உனக்கென்பதால் எழுதுகிறேன்.

என் ஆறாம் வகுப்பில் சித்ரலேகா என்று ஒரு பிள்ளை. பதினோரு வயது. தாய் பாலம்மாள் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறாள். போன வருடம் திருநெல்வேலி கோர்ட்டில் விவாகரத்து ஆயிற்று. இரண்டு பேரும் சம்மதித்து வாங்கியது. பிள்ளை தாயிடம் இருக்கட்டும் என்று பெரியவர்கள் வாய்வார்த்தையாகப் பேசி முடித்தார்கள், எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தகப்பன் கொஞ்ச நாள் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தார். பிறகு நின்றுவிட்டார். அவர் யார், எங்கே இருக்கிறார் என்பது உனக்கு வேண்டாம்.

ஜூன் மாத ராங்க் கார்டில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் தகப்பன் கையெழுத்து இருந்தது. "அப்பா எப்ப பிள்ள வந்தாங்க?" என்று கேட்டேன். "நேத்து வந்தாங்க டீச்சர். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உடனே போயிட்டாங்க." கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதே கையெழுத்து நாற்பது ஐம்பது தடவை.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். அழவில்லை. பக்கத்தில் வந்து நின்று, "எங்கப்பா கையெழுத்துக்குக் கீழ ரெண்டு புள்ளி வைப்பாங்க டீச்சர். அவசரம்னா ஒரு புள்ளிதான்" என்றாள். கார்டில் ஒரு புள்ளிதான் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் கார்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். ஜூலையிலும் அப்படித்தான். ஆகஸ்டிலும். தாய்க்குத் தெரியாது. தலைமையாசிரியர் சத்தியநேசன் சாருக்கும் தெரியாது. அவளுக்கு வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு நடுவே ஒரு தகப்பன் வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை காகிதத்தில் வந்து போகிறார், வரட்டுமே என்று நினைத்தேன். சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும், படித்தவள்.

இது அந்தப் பிள்ளை என்னிடம் வைத்த அமானிதம். நம்பிக் கொடுத்த பொருளைப் பங்கு வைக்கக் கூடாது. பார்த்து நடந்துகொள்.

ஷரீபா


பாளையங்கோட்டை
29-10-1994

அன்புள்ள ஷரீபாவுக்கு,

பயிற்சி முடிந்தது. அறுபது பேர் வந்தார்கள். முதல் அரை மணி நேரம் வழக்கம்போலக் கொட்டாவி. பிறகு உன் கதையைச் சொன்னேன்.

பயப்படாதே. பெயரை மலர் என்று மாற்றினேன். ஊரைச் சொல்லவில்லை. தாயைச் செவிலியாக்கினேன். முதல் நாள் சுருக்கமாக நான்கு வரி மட்டும் கொடுத்து, குழுக்களாகப் பிரித்து, இந்தக் குழந்தைக்கு என்ன செய்யலாம் என்று எழுதச் சொன்னேன். ஐந்து குழு 'அறிவுரை கூறித் திருத்த வேண்டும்' என்று எழுதியது. ஒரு குழு 'கண்டிக்க வேண்டும்' என்றது. ஒருவர் மட்டும் தனியாக எழுதினார். சீவலப்பேரி நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கணேஷ்ராம். கேள்:

'இந்தப் பிள்ளை குற்றம் செய்யவில்லை. வர வேண்டியவர் வரவில்லை. அவரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டியது ஆசிரியரின் வேலை. ஆனால் எந்தக் காரணத்தைக் கொண்டும் பிள்ளையை இப்போது இருக்கும் இடத்தை விட்டு அசைக்கக் கூடாது. அதற்கு மிச்சம் இருப்பது அந்த வகுப்பறை ஒன்றுதான்.'

இருபது வருடப் பயிற்சியில் இப்படி ஒரு விடை எனக்கு வந்ததில்லை. எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினேன். மனிதர் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் உன் கடிதத்தின் பகுதியை சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்தேன், கணக்கு நோட்டும் புள்ளிகளும் வருகிற பகுதி. கொட்டாவி விட்டவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த இரண்டு புள்ளியை எடுத்துவிட்டால் பாடத்தில் உயிரே இல்லை. தாள்களைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஒன்று குறைந்தது, எங்காவது கிடக்கும். கணேஷ்ராமிடம் இதைப் பற்றிப் பேச நினைத்தேன். அன்று மத்தியானமே உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

நீ செய்தது சரியா என்று கேட்டாயே. கூடத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை.

ராஜி


பத்தமடை
10-11-1994

விரிவுரையாளர் ராஜராஜேஸ்வரி அவர்களுக்கு,

காணாமல் போன உங்கள் தாள் கிடைத்துவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் மேஜையில் இருக்கிறது. கொண்டுவந்து வைத்தவர் சீவலப்பேரி நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கணேஷ்ராம். சித்ரலேகாவின் தகப்பன்.

நீங்கள் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினீர்களே, அவர்தான்.

பெயரை மாற்றினீர்கள். ஊரை மறைத்தீர்கள். தாய்க்கு வேறு வேலை போட்டுக் கொடுத்தீர்கள். உலகத்தில் ஒரே ஒரு மனிதனுக்கு மட்டும் அடையாளம் தெரியக்கூடிய வரியை, உயிர் இருக்கிறது என்று சொல்லி அப்படியே வைத்தீர்கள். தன் கையெழுத்துக்குக் கீழே தான் வைக்கிற புள்ளி அவருக்குத் தெரியாதா?

நேற்று நடந்ததைக் கேளுங்கள். சத்தியநேசன் சார் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கணேஷ்ராம் நின்றுகொண்டே பேசினார். "என் கையெழுத்த எம் பிள்ள திருட்டுத்தனமாப் போடுது. அதுக்கு ஒரு டீச்சர் துணை. அத அறுபது வாத்தியார் உக்காந்து வாசிக்கான். நானும் உக்காந்து வாசிக்கேன்." சார், "பைய பேசுங்க, பக்கத்துல வகுப்பு நடக்கு" என்றார். "மூணு மாசமா என்ன இல்லாதவனாக்கிட்டு இப்ப பைய பேசச் சொல்லுதிய?"

பிள்ளையையும் கூப்பிட்டுவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன், யார் கேட்டார்கள்? "நீதான் போட்டியா?" என்று தகப்பன் கேட்டார். அவள் தரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். "ஆமா. நீங்க வரலல்லா."

அந்தப் பதில் கிளப்பிய ஆத்திரத்தில் அவர் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, மகளுக்கு டி.சி. வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். தன் பள்ளியிலேயே சேர்த்துத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறாராம். என் மேல் தனியாக ஒரு புகார். பதிவேட்டில் பெற்றோர் என்று இருப்பது அவர் பெயர். தாயிடம்தான் பிள்ளை இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுத்தில் இல்லை. அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று சார் ஒரு தவணை வாங்கியிருக்கிறார். டிசம்பர் 22. அதற்கு மேல் தன்னால் பிடித்து வைக்க முடியாது என்கிறார்.

பாலம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள்: "எங்கிட்ட கூடச் சொல்லாதத யார்கிட்ட டீச்சர் சொன்னிய?"

உங்களிடம் சொன்னேன்.

ஷரீபா பீவி


பாளையங்கோட்டை
19-11-1994

ஷரீபாவுக்கு,

'நீங்கள்' போட்டு எழுதினால் என் குற்றம் கூடிவிடும் என்று நினைக்கிறாய். கூடட்டும்.

ஆனால் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெளிவாக எழுதியிருந்தேன், பயிற்சிக்கு என்று. தெரிந்துதான் நீ எழுதினாய். தகப்பன் இதே மாவட்டத்தில் ஆசிரியர் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்தத் தாளை நான் தொட்டிருக்கமாட்டேன். 'உனக்கு வேண்டாம்' என்று நீயே முடிவு செய்தாய். யாருக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று முடிவு செய்வதில் நீயும் சளைத்தவளில்லை. தாய்க்கு வேண்டாம், தலைமையாசிரியருக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்.

இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். முதல்வரிடம் சொன்னேன். 'பயிற்சியில் வழங்கப்பட்ட நிகழ்வு முற்றிலும் கற்பனையானது' என்று நிறுவனத்தின் முத்திரையோடு கடிதம் தர ஒப்புக்கொண்டார். அது வந்துவிட்டால் கணேஷ்ராமின் புகாருக்கு ஆதாரம் கிடையாது. டி.சி. பேச்சும் அதோடு அடங்கும். கடிதம் தட்டச்சாகித் தயாராக இருக்கிறது. நீ சரி என்றால் அனுப்புகிறேன்.

ராஜராஜேஸ்வரி


பத்தமடை
26-11-1994

ராஜராஜேஸ்வரிக்கு,

அனுப்பாதே.

கற்பனையா? தகப்பன் முகத்தைப் பார்த்து, தலைமையாசிரியர் அறையில் நின்று 'ஆமா' என்று சொன்ன பிள்ளை என்ன ஆவாள்? இரண்டு பெரிய மனுஷிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முத்திரை குத்தி அவளைப் பொய்க்காரி ஆக்கப் போகிறோமா? அவள் வாழ்நாளில் சொன்ன ஒரே கடினமான உண்மை அது. அதைத் துடைக்க உனக்கு ஒரு தட்டச்சு இயந்திரம் போதும்.

புகாரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மெமோ வரட்டும், நான் செய்ததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுப்பேன். பிள்ளையை மட்டும் அசைக்கக் கூடாது. தினமும் வகுப்புக்கு வந்தவுடன் தன் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். இறக்கி வை என்றால், "எப்ப வந்து கூப்பிடுவாங்கன்னு தெரியாதுல்லா டீச்சர்" என்கிறாள். இதை உன் பாடத்தில் சேர்த்துக்கொள்ளாதே.

நீ கேட்டதற்குப் பதில். ஆம், பயிற்சிக்கு என்றுதான் கேட்டாய். நான் எழுதியது உனக்கு. அறுபது பேருக்கு எழுதவில்லை. இருபத்தைந்து வருடச் சிநேகிதத்தில் இந்த வித்தியாசம் உனக்குத் தெரியும் என்று நினைத்தது என் தப்பு.

இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. படிப்பெல்லாம் படித்தாயே, ஏதாவது செய்.

ஷரீபா


பாளையங்கோட்டை
11-12-1994

ஷரீபாவுக்கு,

நேற்று சீவலப்பேரிக்குப் போய் வந்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருப்பாய்.

பயிற்சியின் முதல் நாள் கணேஷ்ராம் தன் கையால் எழுதிக் கொடுத்த விடைத்தாள் என் கோப்பில் இருந்தது. எந்தக் காரணத்தைக் கொண்டும் பிள்ளையை அசைக்கக் கூடாது என்று எழுதினாரே, அது. கீழே கையெழுத்தும் இருக்கிறது. இதை உங்கள் தலைமையாசிரியருக்கு அனுப்பலாம், கோர்ட்டுக்கே போனாலும் காட்டலாம், அவரால் வாய் திறக்க முடியாது என்று இரண்டு நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே உறைத்தது. ஒருவர் எனக்கென்று எழுதியதை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கப் போகிறேன், மறுபடியும். ஆகவே அதை எழுதியவரிடமே கொண்டுபோனேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், நாற்காலியைப் போடவில்லை.

"கொறஞ்ச தாளக் கேக்கத்தானே வந்திய? அது பத்தமடையில இருக்கு."

"உங்க தாளைக் கொடுக்க வந்தேன்" என்று நீட்டினேன்.

நின்றபடியே வாசித்தார். இரண்டு முறை வாசித்தார் என்று நினைக்கிறேன். "இது வேற யார் பிள்ளையோன்னு நெனச்சு எழுதினது மேடம்" என்றார்.

"நானும் வேறு யார் பிள்ளையோ என்று நினைத்துத்தான் அந்தத் தாளை எடுத்தேன்."

"ஒங்களுக்கு வேற பிள்ளதான மேடம்! எம் பிள்ளல்லா எனக்கு."

உட்காரச் சொல்லாமலே நானாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதன்பிறகு கொட்டிவிட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். கடைசியாக வந்த அன்று பாலம்மாள் கதவைத் திறக்கவில்லையாம். தெருவே பார்க்க அரை மணி நேரம் நின்றாராம். "பேப்பர் திருத்துத மாதிரி தெருவுல எல்லாரும் மார்க் போடுதாங்க மேடம். அதுக்கப்புறம் கால் வரல." அது ஒரு காரணமா என்று கேட்டேன். "இல்லதான்" என்றார். நேர்மையாகத்தான் சொன்னார்.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: "அந்த டீச்சர் எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கப்படாதா? பதினஞ்சு பைசா. 'சார், ஒங்க பிள்ள ஒங்க கையெழுத்தப் போடுதா'ன்னு ஒரு வரி. அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே. எனக்கு எழுத மாட்டாங்க, ஒங்களுக்கு எழுதுவாங்க. எம் பிள்ளைக்கு நான் வேணுங்கத அறுபது பேரோட சேந்து நான் தெரிஞ்சுக்கிடணும். என்ன நியாயம் இது?"

உன்னிடம் பதில் இருக்கிறதா?

டி.சி. விஷயத்தில் அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அந்தத் தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது, அதையும் கொடுத்துவிட்டேன். முட்டாள்தனம் என்று நீ சொல்லலாம்.

ராஜி


பத்தமடை
23-1-1995

ராஜிக்கு,

டிசம்பர் 22 அன்று காலை பத்து மணிக்கு வந்தார். பிள்ளை பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் தலைமையாசிரியர் அறைக்குப் போய், தான் எழுதிக் கொடுத்த டி.சி. விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளையைக் கூப்பிடச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தார். அவளும் பார்த்தாள். புத்தாண்டு கழிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்திருக்கிறார். பாலம்மாள் கதவைத் திறக்கிறாள், பேசுவதில்லை.

போகும்போது என்னிடம், "ஒங்க மேல குடுத்த புகார வாபஸ் வாங்க மாட்டேன் டீச்சர்" என்றார். "வாங்காதீங்க" என்றேன்.

கார்டு போட்டிருக்கப்படாதா என்று கேட்டாரே. முகவரி பதிவேட்டிலேயே இருந்தது. மூன்று மாதமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன். எழுதவில்லை. வராத மனிதர் மேல் எனக்குக் கோபம். பிள்ளை பக்கம் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தாய் பக்கம் நின்றிருக்கிறேன், அந்தத் தாய்க்கே தெரியாமல். இதை ஒப்புக்கொள்வதால் உன் மேல் எனக்குள்ள கோபம் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. இரண்டும் தனித்தனி.

சித்ரலேகா இங்கேதான் படிக்கிறாள். நீ அதைத்தான் கேட்பாய். அரையாண்டு விடுமுறை முடிந்த அன்று என் மேஜைக்கு வந்தாள். "புள்ளி விஷயம் ஒங்ககிட்ட மட்டுந்தான டீச்சர் சொன்னேன்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வேறு யாரிடமாவது சொல்லி மறந்துவிட்டோமோ என்று யோசிக்கிறவள் போலக் கேட்டாள். "ஆமா, எங்கிட்ட மட்டுந்தான்" என்றேன். மறுநாள் பாலம்மாள் வந்து, பிள்ளையை 'பி' பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். பிள்ளையே கேட்டதாம். இப்போது பூதத்தான் சார் வகுப்பில் இருக்கிறாள். நடையில் எதிரே வந்தால் எல்லாப் பிள்ளைகளையும் போல "வணக்கம் டீச்சர்" சொல்லிவிட்டுப் போகிறாள்.

புகாருக்குப் பள்ளி நிர்வாகத்தின் முடிவு முந்தாநாள் வந்தது. எழுத்து மூலம் கண்டனம். அதோடு ஒரு நிபந்தனை: விவாகரத்தான பெற்றோரின் குழந்தைகளை எப்படி நடத்துவது என்பது குறித்து அடுத்து நடக்கும் பணியிடைப் பயிற்சியில் நான் கலந்துகொள்ள வேண்டும். பிப்ரவரி 14 முதல் மூன்று நாள். பாளையங்கோட்டை. நடத்துபவர் பெயர் போட்டிருக்கிறது.

வருகிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்றவர்களோடு உட்காருவேன். நீ என்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காராதே. எந்தக் குழந்தையைப் பற்றியாவது நீ கதை சொல்ல ஆரம்பித்தால், அதை யாரிடம் கேட்டுக்கொண்டு சொல்லுகிறீர்கள் என்று எழுந்து கேட்பேன். மூன்று நாளும் கேட்பேன்.

ஷரீபா